வயலுக்கு நடுவே ஒரு வீடு

அத்தியாயம் பதினொன்று

"கேட்டால் நல்ல இடம் எண்டு மட்டும் சொல்லும். வேற ஒண்டும் நீர் கதைக்கத் தேவையில்லை."

கேரம் டவுன்ஸ் கோயிலில் இருந்து ரோவில்லில் இருக்கும் தங்கள் வீட்டுக்குக் காரில் திரும்பும் வழியில் சச்சிதானந்தன் இதையே மறுபடியும் மறுபடியும் சொல்லிக்கொண்டு வந்தார். பக்கத்தில் இருந்த மனைவி சிவகௌரி மடியில் இருந்த பிரசாதப் பையின் வாயைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள்.

"வேலியைப் பற்றிக் கேட்டால்?"

"ஏன் கேக்கினம்? வேலி இல்லாத வீடு எங்க இருக்கு?"

"தண்ணியைப் பற்றி?"

சச்சிதானந்தன் வீதியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஹெருவிட்டச் சொல்லியிருக்கிறன். அவன் பார்ப்பான். ஊர்ச் சண்டைக்குள்ள நாங்கள் ஏன் போவான்?"

இந்தக் குடும்பத்தை இன்றுதான் சந்திப்பவர்களுக்கு ஒரு சொல். ரயில் பாதைப் பராமரிப்பில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற சச்சிதானந்தனுக்கு யாழ்ப்பாணத்தில் கட்டுவன் ஊர். அந்த ஊர் யுத்த காலத்தில் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய், பிறகு துண்டு துண்டாகச் சனங்களிடம் திரும்பி வந்தது. அவருடைய துண்டு மட்டும் வரவில்லை. அந்தக் கோபத்தை எங்கே கொண்டு போய் இறக்குவது என்று தெரியாமல் இருந்த மனுஷனுக்கு, ஒரு சுற்றுலாவில் லெம்பாசாரி கண்ணில் பட்டது. கிழக்கு ஜாவாவில், மலையடியில், படிக்கட்டுப் போல நெல் வயல்கள் இறங்கும் ஒரு சின்னக் கிராமம். அங்கே நீண்ட குத்தகைக்கு நிலம் எடுத்தார். மர வீடு கட்டினார். வாசலில் 'கட்டுவன் வளவு' என்று தமிழில் பலகையும் போட்டார்.

அதைப் பெருப்பித்து, ஓய்வுக்கு வருகிறவர்கள் தங்கும் இடமாக்கலாம் என்பது மகன் செந்தூரனின் யோசனை. அதற்காக அவன் வங்கி வேலையை விட்டான். அம்மாவுக்குக் கைராசி உண்டு என்று சொல்லிக் கொம்பனியைச் சிவகௌரியின் பெயரில் பதிந்தான். அங்கே காரியங்களைப் பார்க்க ஹெரு என்ற தரகரை அமர்த்தினான்.

அந்தக் கைராசிக்காரி போன மாதம்தான் முதல் முறையாக அங்கே போய் இருந்துவிட்டு வந்தாள். போன சிவகௌரி திரும்பி வரவில்லை. வந்தது வேறு ஒருத்தி. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் சேலையை மாற்றிக்கொண்டு குசினிக்குள் போனாள். சிட்னியில் இருந்து பாஸ்கரும் அவருடைய மனைவி வைதேகியும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். பாஸ்கர் பணம் போட்டால் லெம்பாசாரியில் வீடுகள் எழும்பும். போடாவிட்டால் இருப்பதும் நின்றுபோகும். அதனால் இன்று கத்தரிக்காய் வெள்ளைக் கறி கூட ஒரு பொறுப்போடு கொதித்தது.

தேங்காய்ப் பாலை ஊற்றும்போது சுலஸ்த்ரி நினைவுக்கு வந்தாள்.

சுலஸ்த்ரியை முதலில் கண்டது வேலிக்கு அந்தப் பக்கம். ஒரு காலை நேரம், ஓலைத் தொப்பியும் சேற்றுக் காலுமாக வந்து, வாழையிலையில் சுற்றிய பச்சை மிளகாயைக் கம்பிக்குள்ளால் நீட்டினாள். இவளுக்கு அவள் பாஷை தெரியாது. அவளுக்கு இவள் பாஷை தெரியாது. சிரித்துக்கொண்டார்கள். அடுத்த நாள் அவள் "சுவாமி, சுவாமி" என்று கடல் இருக்கும் திசையில் கை காட்டியபோது, ஏதோ கோயில் நேர்த்தி பற்றிச் சொல்கிறாள் என்றுதான் சிவகௌரி நினைத்தாள். பிறகுதான் தெரிந்தது, அந்த ஊரில் புருஷனுக்குப் பெயர் சுவாமி என்று.

அதன் பிறகு இருவரும் கைபேசியை நடுவில் வைத்துக் கதைத்தார்கள். அவள் பேசுவதை அது தமிழாக்கி, செய்தி வாசிப்பது போல உணர்ச்சி இல்லாமல் சொன்னது.

"என் அண்ணன் உங்களுக்குக் கொடுத்த நிலத்துக்குக் கீழே என் வயல் உள்ளது. வேலி வந்த பிறகு எனக்குப் பாதை இல்லை. எங்கள் தண்ணீர் உங்கள் குளத்துக்குப் போகிறது. என் கணவர் வேலை தேடிக் கடல் கடந்து போய்விட்டார்."

சிவகௌரி திரும்பிக் குளத்தைப் பார்த்தாள். விருந்தாளிகள் காலை நனைத்துக்கொண்டு தேநீர் குடிப்பதற்காக வெட்டிய குளம். தாமரை பூத்துக் கிடந்தது. அன்றைக்கே அவள் வேலிக் கதவைத் திறந்து விட்டாள். மறுநாள் விடிந்தபோது காவல்காரன் அதில் பூட்டுப் போட்டிருந்தான். ஹெருவின் உத்தரவு என்றான்.

"அம்மா."

செந்தூரன் வந்து நின்றான். முகம் கழுவாதவன் போல இருந்தான்.

"யோகா வரேல்லையோ?" என்று மருமகளைக் கேட்டாள் சிவகௌரி.

"ஏலாமல் படுத்திருக்கிறா. சாப்பிட்டது ஒண்டும் நிக்குதில்லை. டொக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொன்னவர்." குசினிக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அப்பா சொன்னவர், நீங்கள் இன்னும் அந்த வேலிக் கதையில நிக்கிறியளாம்."

"நீ போய்ப் பார்த்தனி தானே. உனக்குத் தெரியாதோ?"

"எல்லாம் லீகலா செய்திருக்கு அம்மா. அண்ணன்காரன் ஒப்பந்தம் எழுதித் தந்தவர்."

"அண்ணன் எழுதித் தந்தது அண்ணன்ர காணி. தங்கச்சியின்ர தண்ணியை அவர் எப்பிடி எழுதித் தாறது?"

செந்தூரன் குனிந்து தரையைப் பார்த்தான். இருபது வருடத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் ஏதாவது செய்துவிட்டு வந்தால் இப்படித்தான் இருப்பான்.

"பாஸ்கர் அண்ணா இண்டைக்கு ஓம் எண்டு சொல்லாட்டி நான் திரும்ப வேலை தேட வேணும். இந்த வயசில, குழந்தையும் வரப் போகுது. நீங்கள் பொய் சொல்ல வேண்டாம். சும்மா இருங்கோ. பிளீஸ் அம்மா. இண்டைக்கு மட்டும்."

சிவகௌரி அடுப்பைக் குறைத்தாள். முதியோர் இல்லத்தில் பகலிரவாக வேலை செய்து வளர்த்த பிள்ளை. யோகாவின் வயிற்றில் இருப்பது அவளுடைய முதல் பேரப்பிள்ளை.

"நான் சும்மா இருக்கிறன்," என்றாள்.

பாஸ்கர் நல்ல மனிதராகத்தான் இருந்தார். சப்பாத்தை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்தார். சிட்னியில் சொந்தமாக மென்பொருள் நிறுவனம் நடத்துகிறார், வீட்டில் இருந்து மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்கு நடந்தே போய்விடுவாராம். மனைவி வைதேகி மருந்தகம் வைத்திருக்கிறாள். அவள் சொதியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

"இதை எப்படிச் செய்யணும்னு எனக்கு எழுதிக் கொடுங்க ஆன்ட்டி. எங்க பக்கம் வைக்கிற சொதிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"எழுதுறதுக்கு என்ன இருக்கு? நில்லும், அடுத்த முறை வரேக்க சேர்ந்து காய்ச்சுவம்."

"அங்க போறது கஷ்டமா அங்கிள்?" என்று கேட்டார் பாஸ்கர்.

"ஒரு கஷ்டமும் இல்லை. பாலிக்கு ப்ளைட். அங்கயிருந்து படகு. பிறகு மலைப் பாதையில வான். போய்ச் சேரேக்க களைப்பாத்தான் இருக்கும். காலமை எழும்பி அந்த வயலைப் பார்த்தால் எல்லாம் போயிடும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தக் காலை சிவகௌரிக்கும் பிடித்திருந்தது. வயலுக்கு மேல் பனி அசையாமல் நிற்கும். கீழே பள்ளிவாசலில் ஓதும் சத்தம் வரும். ஒருவன் மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் கோழிக் கூடைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு சந்தைக்குப் போவான். சந்தையில் விற்ற ஒரு பலகாரத்துக்கு அங்கேயும் ஏறக்குறைய அப்பம் என்றுதான் பெயர். மத்தியானம் மழை பெய்தால் தகரத்தில் விழும் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. இவற்றை எல்லாம் வைதேகி கேட்கக் கேட்க சிவகௌரி சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே குரல் இளகியது. சச்சிதானந்தன் மனைவியை நன்றியோடு பார்த்தார்.

சாப்பாடு முடிந்து பாயாசம் வந்தபோது செந்தூரன் தொலைக்காட்சியில் படத்தைப் போட்டான். மேலே பறக்கும் காமெராவால் எடுத்தது. பச்சைப் படிகள், மர வீடு, பலகை, குளம். பாஸ்கர் முன்னுக்குச் சாய்ந்து பார்த்தார். காமெரா மெல்லத் திரும்பி வேலியைத் தாண்டியது. அந்தப் பக்கம், காய்ந்த ஒரு துண்டு வயலில், ஓலைத் தொப்பி போட்ட ஒரு பெண் குனிந்து நின்றாள்.

"இவங்க யாரு?" என்று வைதேகி கேட்டாள்.

"அது எங்கட தோட்டத்தில வேலை செய்யிற பொம்பிளை," என்றார் சச்சிதானந்தன். "நல்ல சனம். நாங்கள் போனாப் பிறகுதான் அவையளுக்கு ஒரு பிழைப்பு."

சிவகௌரி கையில் இருந்த கிண்ணத்தை மேசையில் வைத்தாள்.

அவள் சும்மா இருப்பதாகத்தான் இருந்தாள். வைதேகி கேட்காமல் விட்டிருந்தால், அல்லது அவர் தெரியாது என்று சொல்லியிருந்தால், சத்தியமாக இருந்திருப்பாள்.

"அவ எங்களிட்ட வேலை செய்யிறவ இல்லை," என்றாள். "அது அவவின்ர சொந்தக் காணி."

"கௌரி," என்றார் சச்சிதானந்தன்.

"அவவின்ர காணிக்குப் போற வழியை நாங்கள் வேலி போட்டு மறிச்சிட்டம். வாய்க்காலைத் திருப்பிக் குளம் வெட்டினம். அதுதான் வயல் காய்ஞ்சு கிடக்கு. புருஷன் பிழைப்புத் தேடிப் போட்டார். நாங்கள் போனாப் பிறகு அவையளுக்கு வந்த பிழைப்பு அதுதான்."

திரையில் காமெரா அந்தப் பெண்ணை விட்டுவிட்டு மலைக்கு ஏறியது. செந்தூரன் ரிமோட்டைத் தேடி அணைத்தான்.

"நீர் உள்ள போம்," என்றார் சச்சிதானந்தன், சத்தம் போடாமல்.

"போறன். ஒண்டு சொல்லிப்போட்டுப் போறன். கட்டுவனில உங்கட வீட்டைப் பார்க்கப் போய், கம்பி வேலிக்கு வெளியில நிண்டு நீங்கள் அழுதனீங்கள். நான்தான் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்தனான். அவ அழேல்லை. எனக்கு மிளகாய் கொண்டு வந்து தந்தா."

சச்சிதானந்தனின் முகத்தில் இரத்தம் வற்றிவிட்டது போல இருந்தது. "அதை இதுக்குள்ள இழுக்காதையும்," என்றார். "அது ஆமி துவக்கோட வந்து எடுத்தது. நாங்கள் எழுத்து எழுதி, குத்தகை குடுத்து எடுத்தனாங்கள். அது யுத்தம். இது வியாபாரம்."

அந்தக் கடைசிச் சொல் வாயில் இருந்து விழுந்த பிறகு அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். தண்ணீர்க் கிளாஸை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

பாஸ்கர்தான் பேசினார்.

"ஆன்ட்டி இதைச் சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு. பணம் போட்டதுக்கு அப்புறம் இது தெரிய வந்திருந்தா சிக்கல். எனக்கு இந்த மாதிரி ஓப்பனா பேசுறவங்களைத்தான் பிடிக்கும்."

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், சிவகௌரிக்கு மூச்சு இறங்கியது. இவர் விளங்கிக்கொண்டார் என்று நினைத்தாள். வேலியில் ஒரு வழி விடச் சொல்வார். வாய்க்காலைத் திருப்பச் சொல்வார். இது நடந்தால்தான் பணம் என்று சொல்லிவிட்டால் இவர்கள் கேட்பார்கள்.

"அந்தக் கீழ் நிலத்தையும் சேர்த்து எடுத்துட்டா என்ன?" என்றார் பாஸ்கர். "வழிப் பிரச்சினையும் இல்ல, தண்ணிப் பிரச்சினையும் இல்ல. யாருக்கும் மனஸ்தாபமும் இல்ல. கீழ இன்னும் சில வீடுங்க போடலாம். சரிவுல இருந்து பார்க்கிறப்போ வியூ அங்கதான் நல்லா இருக்கு."

சச்சிதானந்தன் மெல்ல நிமிர்ந்தார். முகத்தில் இரத்தம் திரும்ப வந்தது. "அது நல்ல யோசனை," என்றார். "அவவுக்கும் ஒரு வழி பிறக்கும்."

"அவங்க ஒத்துக்குவாங்களா?" என்று கேட்டாள் வைதேகி.

"தண்ணி இல்லாத வயலை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறாங்க?" பாஸ்கரின் குரலில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. "நியாயமான விலை கொடுப்போம். ஏமாத்த வேண்டாம்."

"அவ விக்க மாட்டா," என்றாள் சிவகௌரி.

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க ஆன்ட்டி."

பிறகு ஆண்கள் மூவரும் மேசையின் ஒரு பக்கமாக நெருங்கிக்கொண்டார்கள். கதை வேகமாகப் போனது. எத்தனை வீடு, எந்த மாதம் தொடங்குவது, யார் போய்க் கையெழுத்து வைப்பது. சிவகௌரி உள்ளே போகவும் இல்லை, அங்கே இருக்கவும் இல்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பெண்ணின் வழியைத் திறந்து விடத்தான் வாயைத் திறந்தாள். அந்தப் பெண்ணிடம் மிச்சம் இருந்த காணியையும் இவர்களுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு நின்றாள்.

புறப்படும்போது வைதேகி அவள் கையைப் பிடித்தாள். ஏதோ சொல்ல நினைத்தவள் போல உதடு அசைந்தது. காரில் இருந்து பாஸ்கர் கூப்பிட்டார்.

"சாப்பாடு பிரமாதம் ஆன்ட்டி," என்று சொல்லிவிட்டுப் போய் ஏறிக்கொண்டாள்.

கார் திரும்பி மறைந்ததும் சச்சிதானந்தன் மனைவியின் தோளைத் தட்டினார். மன்னிக்கிறவரின் தட்டு அது. "நீர் கதைச்ச விதம்தான் பிழை. ஆனால் பார்த்தீரே, நீர் சொன்னதும் நல்லதுக்குத்தான் முடிஞ்சிருக்கு."

அவள் குசினிக்குப் போனாள். பாத்திரங்கள் மலை போலக் குவிந்திருந்தன. மெஷினில் போட மனம் வரவில்லை. சுடுதண்ணீரைத் திறந்துவிட்டுக் கையாலேயே கழுவத் தொடங்கினாள். செந்தூரன் வந்து துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"தாங்ஸ் அம்மா."

"என்னத்துக்கு?"

"கீழ்க் காணிக் கதையை பாஸ்கர் அண்ணாவிட்ட எப்பிடித் தொடங்கிறது எண்டு நான் கன நாளா யோசிச்சுக்கொண்டு இருந்தனான். நீங்கள் சொன்னபடியால் அவராவே கேட்டிட்டார்."

சிவகௌரி ஒரு கோப்பையைப் பாதி கழுவியபடி நிறுத்தினாள்.

"கன நாளாவோ?"

அவன் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"செந்தூரன்."

"ஹெரு போய்க் கேட்டவர். அவ மாட்டன் எண்டிட்டா. பிறகும் ஒருக்காக் கேட்டவர். அப்பவும் மாட்டனாம்."

"எப்ப கேட்டது?"

"போன வருஷம்."

"போன வருஷம் எப்ப?"

"குளம் வெட்டுறதுக்கு முதல்."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. சிவகௌரிக்கு அந்த மூன்று சொல்லும் உள்ளே போய் இறங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. இவ்வளவு நாளும் அவள் இதைக் கவலையீனம் என்றுதான் நினைத்திருந்தாள். தூரத்தில் இருந்து காரியம் பார்க்கிறவர்கள் கீழே ஒரு வயல் இருப்பதைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று. அவ்வளவுதான் என்று.

"அப்ப அந்தக் குளம்..."

"குளம் எப்பிடியும் வேணும் தானே அம்மா. எங்க வெட்டுறது எண்டதுதான் கேள்வி. ஹெரு அந்த இடத்தைச் சொன்னவர். நான் ஓம் எண்டனான்."

"தண்ணி அங்கால போகாது எண்டு தெரிஞ்சு?"

செந்தூரன் துணியை மடித்தான், விரித்தான். "ஒரு போகம் பிழைச்சால் வித்திடுவா எண்டு ஹெரு சொன்னவர். வித்திருந்தால் அவவுக்கும் காசு வந்திருக்கும். இப்பிடி இழுபடும் எண்டு நான் நினைக்கேல்லை."

அவள் மகனைப் பார்த்தாள். அதே முகம்தான். நெற்றியில் சின்ன வயதில் விழுந்த தழும்பு. அதற்குக் கட்டுப் போட்டவள் அவள்தான். இந்த முகத்துக்குப் பின்னால் இருந்து ஒருவன் யோசித்து, கணக்குப் போட்டு, ஒரு பெண்ணின் வயல் காயும் வரைக்கும் காத்திருந்திருக்கிறான்.

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை." உடனே சொன்னான். "அவருக்குச் சொல்லாதேங்கோ. தாங்க மாட்டார். வேலியை அவர் தெரியாமல்தான் போட்டவர். இதை அவர் தாங்க மாட்டார் அம்மா."

அது உண்மை என்று அவளுக்குத் தெரியும். வியாபாரம் என்று வாயால் சொன்ன மனுஷன்தான். ஆனால் தண்ணீரை மறித்து ஒருத்தியை அவள் காணியை விட்டு எழுப்புவது என்னவென்று அவருக்குத் தெரியும். கட்டுவனை விட்டு வெளிக்கிட்ட சனத்தில் அவரும் ஒருவர்.

முன் அறையில் சச்சிதானந்தன் கணினியைத் திறந்து வைத்திருந்தார். யாரோடோ தொலைபேசியில் சிரித்துக் கதைத்துவிட்டு வைத்தார். பிறகு அங்கிருந்தே கூப்பிட்டார்.

"கௌரி. வாற மாசம் போறதுக்கு டிக்கெட் இருக்கு. கொம்பனி உம்மட பேரில இருக்கிறபடியால் கீழ்க் காணிக்கு நீர்தான் வந்து கையெழுத்து வைக்க வேணுமாம். ஹெரு சொல்லுறான். உமக்கும் போடட்டோ?"

செந்தூரன் அம்மாவைப் பார்த்தான். தலையை மெல்ல, மிக மெல்ல, வேண்டாம் என்று ஆட்டினான்.

சிவகௌரி குழாயை மூடினாள்.

"ஓம்," என்றாள், முன் அறைக்குக் கேட்கும்படி. "எனக்கும் போடுங்கோ."

"அம்மா," என்றான் செந்தூரன், குரலைத் தாழ்த்தி. "எனக்கு எழுதித் தந்தால் நானே கையெழுத்து வைப்பன். அங்க வந்து என்ன செய்யப் போறியள்?"

அவள் கழுவிய கோப்பையை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"துடை," என்றாள்.